காவல்காரன் வீட்டிலேயே குடியேறிய பாக்டீரியா: சிலி சால்மன் பண்ணைகளைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1989-ஆம் ஆண்டு, தென் சிலியின் புவேர்ட்டோ மான்ட் பகுதி. கடற்கூண்டுகளில் வளர்ந்துகொண்டிருந்த கோஹோ சால்மன்கள் தீனியை விட்டன. கூண்டின் ஓரத்தில், நீர்மட்டத்தை ஒட்டியே சோர்ந்து மிதந்தன. உடம்பு கருத்துப்போயிருந்தது. செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் இருக்க வேண்டிய சிவப்பு இல்லை; வெளிறிக் கிடந்தது. நன்னீரில் இருந்தவரை ஒரு குறையும் இல்லாத மீன்கள்தான். கடலுக்கு மாற்றிய ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் இந்த நிலை வந்தது. அந்தப் பரவலில் ஏறத்தாழ 15 லட்சம் மீன்கள் செத்தன. இழப்பு சில பண்ணைகளில் 30 சதவீதம், சிலவற்றில் 90 சதவீதம் வரை போனது. செத்தவற்றில் அறுவடை எடையை நெருங்கியிருந்த மீன்களும் ஏராளம்.

அறுத்துப் பார்த்தால் மண்ணீரலும் சிறுநீரகமும் வீங்கியிருந்தன. கல்லீரலில் வெளிர்மஞ்சள் நிறத்தில் வட்ட வட்டமாகத் திட்டுகள். சில மீன்களின் தோலில் சிறு புண். கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உண்மையில் நடந்ததெல்லாம் செல்லுக்குள்ளே. அங்கே என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளாமல் மருந்தும் தடுப்பூசியும் கொடுத்ததால்தான் முப்பது ஆண்டுகள் கழித்தும் இந்த நோய் அந்த நாட்டை விட்டுப் போகவில்லை என்பது என் கருத்து. இந்த நிகழ்வை விரிவாக எழுத அதுவே காரணம்.

தட்டில் முளைக்காத கிருமி

வழக்கமான பாக்டீரியா வளர்ப்புத் தட்டுகளில் எதுவும் முளைக்கவில்லை. சரி, வைரஸாக இருக்கலாம் என்று பார்த்தால், வைரஸைத் தேட உயிருள்ள மீன் செல்களை வளர்த்து அதில் திசுச் சாற்றைச் சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து பாக்டீரியா புகுந்து செல்களைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வளர்ப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளைக் கலந்துவைப்பது ஆய்வகங்களின் பழைய வழக்கம். அந்த மருந்து இருக்கும் இடத்தில் இந்தக் கிருமி பிழைக்காது. தேடும் முறையே தேடும் பொருளை அழித்துவிடும் நிலை.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரையர், லானன் ஆகியோரும் சிலி ஆய்வாளர்களும் சேர்ந்து, மருந்து கலக்காத வளர்ப்பில் அதைப் பிடித்தார்கள். சினூக் சால்மன் கருவிலிருந்து எடுக்கப்பட்ட சி.எச்.எஸ்.இ.-214 என்ற செல் வரிசையில் அது வளர்ந்தது. பரப்பில் ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டிய செல்கள் உருண்டு, கொத்தாகத் திரண்டு, உள்ளே பெரிய பெரிய குமிழ்களோடு தெரிந்தன. அந்தக் குமிழ்களுக்குள் ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள உருண்டைப் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. 1992-இல் அதற்கு பிஸ்கிரிக்கெட்சியா சால்மோனிஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் பிரித்தெடுத்த ரகம் எல்.எஃப்.-89. நோய் இன்று எஸ்.ஆர்.எஸ். (சால்மனிட் ரிக்கெட்சியல் செப்டிசீமியா) என்ற சுருக்கப் பெயரில் வழங்குகிறது.

பெயரில் ரிக்கெட்சியா இருக்கிறதே தவிர, மரபணு வரிசைப்படி இது ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாக் குடும்பம் இல்லை. மனிதருக்கு நிமோனியா கொண்டுவரும் லெஜியோனெல்லா, ஆடு மாடுகளிடமிருந்து கியூ காய்ச்சலைப் பரப்பும் காக்சியெல்லா ஆகியவை இருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்த உறவு முக்கியம். லெஜியோனெல்லாவும் காக்சியெல்லாவும் தங்களை விழுங்க வரும் செல்லையே வீடாக்கிக்கொள்பவை. இதுவும் அப்படித்தான்.

உயிருள்ள செல்லுக்கு வெளியே இது வளரவே வளராது என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பினார்கள். 2008-இல்தான் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் ரத்தமும் சேர்த்த ஊடகத்தில் செல் இல்லாமலே வளர்த்துக் காட்டினார்கள். தட்டில் வளர்ந்தால்தான் மருந்து கேட்கிறதா இல்லையா என்பதைச் சுலபமாகச் சோதிக்க முடியும். அந்த வசதி வந்து சேரவே அவ்வளவு காலம் பிடித்தது.

எலும்பு மஜ்ஜை இல்லாத உடம்பு

மீனின் எதிர்ப்பு அமைப்பைப் பற்றி ஒரு சில விஷயங்கள் தெரிந்தால் போதும். மனிதரைப் போல மீனுக்கு ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை கிடையாது. நிணநீர்க் கணுக்களும் கிடையாது. அந்த வேலையின் பெரும்பகுதி தலைச் சிறுநீரகத்தில் நடக்கிறது. முதுகெலும்பை ஒட்டி நீளும் சிறுநீரகத்தின் தலைப்பக்கத் துண்டு அது. பெயர்தான் சிறுநீரகம், வேலை ரத்த அணுக்களை உருவாக்குவதும் கிருமிகளை வடிகட்டுவதும். மண்ணீரல் அதற்குத் துணை. ரத்தத்தில் மிதக்கும் எந்தக் கிருமியும் இந்த இரண்டு உறுப்புகளிலும் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ்களிடம் வந்து சேரும். கிருமியை விழுங்கிச் செரிக்கும் காவல் செல்கள் அவை.

மீனின் வெளிக்காவல் அதன் மேலுள்ள வழவழப்பு. கையில் பிடித்தால் நழுவுகிறதே, அதே கோழைதான். அதில் பாக்டீரியாச் சுவரை அறுக்கும் லைசோசைம் உண்டு. கோழைப் பரப்புகளுக்கென்றே உள்ள ஐ.ஜி.டி. (IgT) என்ற எதிர்ப்பொருளும் உண்டு. ரெயின்போ ட்ரவுட்டில் 2005-இல் கண்டறியப்படும்வரை இப்படி ஒரு எதிர்ப்பொருள் மீனுக்கு இருப்பதே தெரியாது. பாலூட்டிகளின் ரத்த ஓட்டத்தில் பெருமளவு இருக்கும் ஐ.ஜி.ஜி. மீனுக்கு இல்லை, அங்கே முக்கிய வேலையாள் ஐ.ஜி.எம். இன்னொன்று: மீனின் எதிர்வினை வெப்பநிலையைச் சார்ந்தது. குளிர்ந்த நீரில் எதிர்ப்பொருள் உருவாகவே வாரக்கணக்கில் ஆகும்.

இதோடு ஒரு விசித்திரமும் உண்டு. ஒரு சிட்டிகை எண்டோடாக்சின், அதாவது கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சுவர் நச்சு, மனிதரை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளிவிடும். மீன் அதைப் போல் பன்மடங்கு தாங்கும். தீவிர ரத்த நச்சு அதிர்ச்சியிலிருந்து மீனை அது காப்பாற்றுகிறது. அதே சமயம் பிஸ்கிரிக்கெட்சியா போன்ற ஒரு கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா உள்ளே வரும்போது அலறும் மணிகளில் ஒன்றின் ஒலி மீனில் குறைவு என்பதும் உண்மை.

விழுங்கியபின் நடப்பது

சோதனைகளில் பிஸ்கிரிக்கெட்சியா காயமில்லாத தோல் வழியாகவும் செவுள் வழியாகவும் நுழைந்தது. கடல்நீரில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். நன்னீரில் சட்டென்று செத்துவிடும். நன்னீர்ப் பண்ணையில் தப்பித்த மீன், கடலுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டதன் விளக்கத்தில் இதற்கு ஒரு பங்கு உண்டு. நுழைந்தபின் ரத்தத்தில் ஏறி, தலைச் சிறுநீரகத்துக்கும் மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும் போய்ச் சேர்கிறது.

அங்கே மேக்ரோஃபேஜ் அதை அடையாளம் காண்கிறது. செல்லின் மேலுள்ள உணர்விகள் கிருமியின் மூலக்கூறுகளைத் தொட்டதும் உட்கருவுக்குச் செய்தி போகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிச் செய்திப் புரதங்கள் வெளியே வருகின்றன, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன. இதுவரை பாடப்புத்தகத்தில் உள்ளபடிதான்.

அடுத்தது விழுங்குதல். செல்லின் சவ்வு உள்வாங்கி ஒரு பையாகிறது. அந்தப் பை உள்ளே நகர நகர அமிலமாகிறது. கடைசியில் செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் என்ற பை வந்து இதனோடு ஒட்டிக் கலக்கிறது. கூடவே செல் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பீய்ச்சுகிறது. சாதாரணப் பாக்டீரியாவுக்கு அத்தோடு முடிவு.

பிஸ்கிரிக்கெட்சியா இந்த வரிசையை நடுவில் நிறுத்துகிறது. க்ளாத்ரின் என்ற புரதம் பூசிய குழி வழியாக, செல்லின் சொந்த ஆக்டின் இழைகளைப் பயன்படுத்திக்கொண்டே உள்ளே போகிறது. உள்ளே போனபின் டாட்-ஐ.சி.எம். என்ற ஊசி போன்ற சுரப்பு அமைப்பை இயக்குகிறது. லெஜியோனெல்லாவிடமும் காக்சியெல்லாவிடமும் உள்ள அதே அமைப்பு. பைக்குள் இருந்தபடியே, பையின் சவ்வைத் தாண்டி செல்லின் உட்பகுதிக்குள் பாக்டீரியாப் புரதங்களைச் செலுத்தும் கருவி அது. லைசோசோம் ஒட்டாதபடி, அல்லது ஒட்டினாலும் முழுமையாகக் கலக்காதபடி, செல்லின் போக்குவரத்து மாற்றப்படுகிறது. அமில ஊடகத்தில் வைத்தால் இந்த அமைப்பின் மரபணுக்கள் இன்னும் வேகமாக இயங்கியதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மேக்ரோஃபேஜ் கொல்வதற்காகப் பையை அமிலமாக்குகிறது. அந்த அமிலமே பாக்டீரியாவுக்கு 'வந்து சேர்ந்துவிட்டாய், வேலையைத் தொடங்கு' என்ற அறிவிப்பு ஆகிவிடுகிறது. இந்த நோயைப் பற்றிப் படித்ததில் என்னை ஆழமாகத் தைத்த இடம் இதுதான்.

பிறகு அந்தப் பை வீடாகிறது. உள்ளே பெருகப் பெருகப் பை வீங்கி, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் மேக்ரோஃபேஜ் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் திட்டமிட்ட மரணத்துக்குப் போகிறது, அல்லது உடைகிறது. சிதறிய துண்டுகளைப் பெருக்கி எடுக்க அடுத்த மேக்ரோஃபேஜ் வருகிறது. துண்டோடு சேர்த்துப் பாக்டீரியாவையும் விழுங்குகிறது. கிருமிக்குப் புது வீடு கிடைத்துவிட்டது. காவல் செல்லைப் பெருக்குவதும் ஓட வைப்பதும்தான் எதிர்ப்பு சக்தி என்றால், இங்கே அதுவே நோயை உறுப்பு உறுப்பாகச் சுமந்து செல்லும் வண்டியாகிறது.

நோய் முற்றிய மீன்களில் இன்டர்லூக்கின்-10 கூடுவதும் பதிவாகியிருக்கிறது. அழற்சியை அடக்கச் சொல்லும் செய்திப் புரதம் அது. தன் திசு தன்னாலேயே எரிந்துபோகாமல் இருக்க உடம்பு போடும் பிரேக். அந்தப் பிரேக் விழும்போது மேக்ரோஃபேஜின் கொல்லும் வேகமும் தணிகிறது. உள்ளிருக்கும் கிருமிக்கு அது ஓய்வு நேரம். கல்லீரலில் கண்ட வட்டத் திட்டுகள், இப்படித் தோற்றுக்கொண்டே இருந்த காவல் செல்களும் செத்த கல்லீரல் செல்களும் சேர்ந்து குவிந்த இடங்கள்.

இரும்புக்கான இழுபறி

பாக்டீரியா பெருக இரும்பு வேண்டும். மீனுக்கும் இது தெரியும் என்றே சொல்லலாம். தொற்று வந்ததும் ஹெப்சிடின் என்ற சிறு புரதம் கூடுகிறது. அது செல்களிலிருந்து இரும்பு வெளியே போகும் கதவை மூடுகிறது. ஃபெரிட்டின் என்ற இன்னொரு புரதம் இரும்பைப் பூட்டிவைக்கிறது. பதிலுக்கு பிஸ்கிரிக்கெட்சியா, சைடரோஃபோர் என்ற இரும்பு பிடிக்கும் மூலக்கூறுகளை வெளியிடுகிறது.

சாதாரணக் கிருமியிடம் இரும்பைச் செல்லுக்குள் பூட்டுவது நல்ல உத்தி. கிருமியே செல்லுக்குள் இருக்கும்போது? பூட்டிவைத்த களஞ்சியத்திலேயே திருடன் இருக்கிறான். அட்லாண்டிக் சால்மன் குடும்பங்களை, அதாவது ஒரே பெற்றோரின் குஞ்சுகளை, ஒப்பிட்ட ஆய்வில், நோயைத் தாங்கிய குடும்பங்களின் மீன்கள் தலைச் சிறுநீரகத்தில் இரும்பின் அளவையே குறைத்திருந்தன. தாங்காத குடும்பங்களில் அது நடக்கவில்லை. ஒரு மீன் பிழைப்பதும் சாவதும் பெரிய எதிர்ப்பொருள் போரில் அல்ல, ஒரு செல்லின் இரும்புக் கணக்கில் தீர்மானமாகலாம் என்பது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

நார்வேயில் நடந்தது ஏன் சிலியில் நடக்கவில்லை

நார்வே சால்மன் பண்ணைகள் 1987-இல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தின. குளிர்நீர் விப்ரியோ நோய் ஒருபக்கம். ஏரோமோனாஸ் சால்மோனிசிடா கொண்டுவரும் ஃபுருங்குலோசிஸ் என்ற கொப்புள நோய் இன்னொருபக்கம். 1990-களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்தது. மருந்துப் பயன்பாடு சரிந்தது. 2014-இல் 13 லட்சம் டன்னுக்கு மேல் மீன் உற்பத்தி செய்த நார்வே பயன்படுத்தியது சுமார் 500 கிலோ மட்டுமே. அதே 2014-இல் சிலி பயன்படுத்தியது சுமார் 563 டன். அதில் மிகப் பெரும்பகுதி ஃப்ளோர்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக். மிகப் பெரும்பகுதி எஸ்.ஆர்.எஸ்.-க்காக.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துச் சிலி மீன் பண்ணையாளர்களுக்குப் பொறுப்புணர்வு இல்லை என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. நார்வேயின் பெரிய எதிரிகள் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே, ரத்தத்திலும் திசுத் திரவத்திலும் பெருகுபவை. அங்கே ஐ.ஜி.எம். போய் ஒட்ட முடியும். துணைப் புரதங்கள் வந்து துளை போட முடியும். செத்த பாக்டீரியாவை எண்ணெயில் கலந்து வயிற்றில் ஊசி போட்டால் அந்த எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. பிஸ்கிரிக்கெட்சியாவுக்கும் அதே மாதிரி செத்த பாக்டீரியாத் தடுப்பூசிகள் டஜன் கணக்கில் சந்தைக்கு வந்தன. எதிர்ப்பொருளும் உருவானது. ஆனால் எதிர்ப்பொருள் வீட்டுக்கு வெளியே நிற்கிறது. எதிரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில்தான் எதிர்ப்பொருளுக்கு வாய்ப்பு. கடலுக்கு வந்த முதல் சில மாதங்கள் பாதுகாப்பு இருந்து, பிறகு தேய்ந்து, அறுவடைக்கு முன்னால் மீன்கள் செத்த அனுபவம் பண்ணைகளில் திரும்பத் திரும்ப வந்தது.

இங்கே தேவை வேறு படை. தொற்றிய செல்லைக் கண்டுபிடித்து அந்தச் செல்லையே கொல்லும் சி.டி.8 டி-செல்கள், மேக்ரோஃபேஜை உசுப்பிவிடும் இன்டர்ஃபெரான் காமா. செத்த பாக்டீரியா இவற்றை நன்றாக எழுப்பாது; உயிரோடு செல்லுக்குள் நுழையும் ஒன்றுதான் எழுப்பும். 2016-இல் சிலியில் பயன்பாட்டுக்கு வந்த, வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசியின் அடிப்படை இதுதான். முழுத் தீர்வு இல்லை என்றாலும் திசை சரியானது.

மருந்து ஏன் தடுமாறியது

ஃப்ளோர்ஃபெனிகால் கெட்ட மருந்து இல்லை. பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பை நிறுத்தும், செல்லுக்குள்ளும் போகும். ஆனால் கடற்கூண்டில் லட்சக்கணக்கான மீனுக்கு மருந்தைத் தீனியில் கலந்துதான் கொடுக்க முடியும். நோயின் முதல் அறிகுறியே தீனி எடுக்காமல் விடுவது. மருந்து யாருக்கு அவசரமாகத் தேவையோ அந்த மீன் தின்னாது. நன்றாக இருக்கும் மீன் தின்றுவிட்டுப் போகும். நோய்ப்பட்டது அரைகுறையாகத் தின்றால், பைக்குள் இருக்கும் கிருமியைச் சென்றடைவது குறைந்த அளவு. அது கிருமியைக் கொல்லாது, பழக்கப்படுத்தும். அதனால் அளவைக் கூட்டி, நாள்களை நீட்டி, திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். மிஞ்சிய தீனியும் கழிவும் கூண்டுக்கு அடியில் கடல் தரையில் சேர்ந்தன. அங்கே வாழும் பாக்டீரியாக்களின் கதி என்ன என்ற கவலை சிலி ஆய்வாளர்களுக்கு நீண்ட நாளாக உண்டு, நியாயமாகவே.

சுற்றுப்புறத்தின் பங்கையும் விட்டுவிட முடியாது. சிலிக் கடலில் காலிகஸ் ரோஜர்கிரெசேயி என்ற கடற்பேன் உண்டு. அது தோலைச் சுரண்டி, வழவழப்பைக் குலைத்து, மீனை ஓயாத மன அழுத்தத்தில் வைக்கிறது. அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடினால் காவல் செல்கள் மந்தமாகும். பேனும் பிஸ்கிரிக்கெட்சியாவும் சேர்ந்து தாக்கிய சோதனையில் இறப்பு கூடியது. தனித் தொற்றில் 'தாங்கும் குடும்பம்' என்று தேறிய குடும்பங்களின் தரவரிசையே மாறிப்போனது. எதிர்ப்புள்ள மீனைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யும் திட்டங்களுக்கு இது பெரிய எச்சரிக்கை. ஐ.பி.என். என்ற வைரஸ் நோயில் எதிர்ப்பின் பெரும்பகுதி ஒரே ஒரு மரபணு இடத்தில் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. எஸ்.ஆர்.எஸ்.-ஸில் அது பல மரபணுக்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாகத்தான் முன்னேற முடியும்.

2007-இல் வேறொரு வைரஸ் நோய் சிலியின் தொழிலையே ஆட்டிவைத்த பிறகு, பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளைத் தொகுதிகளாக்கி, எல்லாரும் ஒரே நேரத்தில் கூண்டுகளைக் காலியாக்கி மூன்று மாதம் ஓய்வு விடும் முறை வந்தது. செல்லுக்குள் நடக்கும் கதையோடு இது நேராகப் பொருந்துகிறது: குடியிருக்க மேக்ரோஃபேஜ் இல்லாத கடல்நீரில் இந்தக் கிருமி நெடுநாள் தாங்காது.

வெப்பநீர்க் குளத்துக்கு இதில் என்ன

பிஸ்கிரிக்கெட்சியா 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் செழிக்கும். 25 டிகிரியில் வளராது. ஆகவே நம் ஊர்க் குளங்களுக்கு அதுவாக வராது. ஆனால் அதன் தொழில்முறை தெரிந்த வேறு கிருமிகள் வெப்பநீரில் உண்டு. திலேப்பியாவில் மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் வெண்முடிச்சுகளால் நிரப்பும் ஃபிரான்சிசெல்லாவும், கெளுத்தி வகை மீன்களில் காணும் எட்வர்ட்சியெல்லாவும் மேக்ரோஃபேஜுக்குள் உயிர்பிழைப்பவை.

அதனால் மீன் சோர்ந்து மிதக்கிறது என்றதும் மருந்து மூட்டையைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாகும் நிலையில் உள்ள, இன்னும் சாகாத மீனை எடுத்து, அதன் சிறுநீரகத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, வெட்டிய முகத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்து, கீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் பார்ப்பது. பாக்டீரியா செல்களுக்கு இடையில் சிதறிக் கிடந்தால் ஒரு வழி. பெரிய செல்களின் உள்ளே, உட்கருவுக்குப் பக்கத்தில், குமிழுக்குள் கொத்தாக அடைந்து கிடந்தால், மருந்தின் தேர்வும் அளவும் நாள் கணக்கும் எல்லாமே வேறு. சிலியின் ஆய்வகங்கள் இந்த நோயை முதலில் சந்தேகிக்க இன்றும் பயன்படுத்தும் சோதனைகளில் இதுவும் ஒன்று, உறுதிசெய்ய பி.சி.ஆர். சோதனை பின்னால் வருகிறது. ஒற்றி எடுத்த தகடு காயவும் சாயம் ஏறவும் ஒரு மணி நேரம்கூட ஆகாது.